ரூல் போடுங்க... காரணத்தோட போடுங்க!

ஃப்ரெண்ட்ஸ், பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டில் ஒரு கேமரா வைக்கிறோம்னு வெச்சுக்குங்க. கண்ணில் படும் எழுத்துகளில் இருந்து பெரம்பலூர், அரியலூர் வண்டி நம்பர்களை மட்டும் கம்ப்யூட்டர் பொறுக்கி எடுக்கணும். என்ன ரூல் கொடுப்பீங்க?

'நாலு எண் சேர்ந்து வந்தா எடு' என்றால், கடை போர்டில் இருக்கும் போன் நம்பரெல்லாம் வந்து விழும். 'டி.என்., அடுத்து 46 அல்லது 61, அடுத்து ரெண்டு எழுத்து, நாலு எண்' என்றால்? கச்சிதம்தான். ஆனா, ஒத்தை எழுத்தோடு ஓடுற பழைய பைக்கெல்லாம் அவுட்!

பயோ-இன்ஃபர்மேட்டிக்ஸ் மாணவர்களுக்கும் இதே தலைவலிதான். புரதம் என்பது 20 வகை அமினோ அமிலங்களைக் கோத்த சரம். அதில் அர்த்தத்தோடு திரும்பத் திரும்ப வரும் குட்டி வரிசைக்குப் பேர் 'மோட்டிஃப்'. எந்த இடத்தில் எது வரலாம், எது வரவே கூடாது என்று சாஃப்ட்வேருக்கு நாம்தான் சொல்லணும்.

உதாரணத்துக்கு, புரதத்தில் சர்க்கரை ஒட்டும் இடம். முதலில் அஸ்பராஜின், அடுத்து புரோலின் தவிர எதுவும், மூன்றாவது செரின் அல்லது திரியோனின். இருபதும் சம அளவில் வருதுன்னு கணக்குப் போட்டால், தற்செயலாகவே சுமார் 210 இடத்துக்கு ஒண்ணு மாட்டும். ஸோ, மாட்டினதெல்லாம் மீன் இல்லை!

அப்போ ரூலை எவ்வளவு இறுக்குவது? நம்ம ஊர் பாடமே இருக்கு. 1954-55ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், கொலாஜன் புரதம் மூன்று இழை முறுக்கிய கயிறு என்று காட்டினார்கள். கயிற்றின் நடுவில் இடம் ரொம்பக் குறைவு. அங்கே பொருந்துவது இருப்பதிலேயே சின்னதான கிளைசின்தான். அதனால் மூணுக்கு ஒண்ணு கட்டாயம் கிளைசின். அந்த இடத்தில் வேறொன்று உட்கார்ந்தால், எலும்பு எளிதில் நொறுங்கும் பரம்பரை நோய் வரலாம். 'பெரும்பாலும் கிளைசின்' என்று நீங்கள் ரூலைத் தளர்த்தினால், நோயைக் காட்டும் அந்த ஒரு எழுத்தை சாஃப்ட்வேர் 'ஓ.கே.' என்று தாண்டிப் போய்விடும்.

புராஜெக்ட் செய்யும்போது ரெண்டு வேலை செய்யுங்க. எழுத்துகளைக் குலுக்கிப் போட்ட சரத்திலும் உங்க ரூலை ஓட்டிப் பாருங்க. அதிலும் அதே அளவு மாட்டினால், ரூல் எதையும் பிரிச்சுக் காட்டலைன்னு அர்த்தம். அப்புறம், ஒவ்வொரு ரூலுக்குப் பக்கத்திலும் காரணத்தை ஒரு வரியில் எழுதுங்க. 'இதைப் போட்டாதான் ரிசல்ட் வருது' என்பது மட்டுமே காரணம் என்றால், யோசிக்காம அடிச்சிடுங்க!