வானநூலும் நம் வயிற்றுப்பாடும்

விண்மீனை ஆராய்வதால் தறியில் ஒரு முழம் துணி கூடுமா, வயலில் ஒரு மரக்கால் நெல் கூடுமா என்று நம் அங்கத்தினர்களில் சிலர் கேட்பதுண்டு. கூலிக்கும் கடனுக்கும் கணக்குப் பார்த்து வாழ்வோர் கேட்கும் இக்கேள்வி நியாயமானதே. அதற்கு விடை நம் நாட்டுச் சரித்திரத்திலேயே இருக்கிறது.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைக் கொடும் பஞ்சம் வாட்டியது. மழை பொய்த்தது, உழவனின் குதிர் காலியாயிற்று. தானிய விலை ஏறவே, துணி வாங்குவாரின்றி நெசவாளனின் தறியும் ஓய்ந்தது. பல லட்சம் மக்கள் மாண்டனர். பருவமழை பொய்ப்பதற்கும் சூரியனில் நிகழும் மாறுதல்களுக்கும் தொடர்புண்டா என்ற கேள்வி அப்போது வலுப்பெற்றது. கோடைக்கானலில் 1899-ஆம் ஆண்டு சூரிய ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டதற்கு அக்கேள்வியும் ஒரு காரணமாகும்.

மழையின் இரகசியம் அங்கே கைக்கு வந்துவிட்டதா என்றால், இல்லை. சூரியப் புள்ளிகளை மட்டும் கொண்டு வரும் ஆண்டின் மழையைக் கணித்துவிட இன்றும் இயலாது. ஆயினும் அவ்வுழைப்பு வீண்போகவில்லை. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை எவர்ஷெட் என்னும் அறிஞர் 1909-இல் அங்கே கண்டறிந்தார். அதனினும் பெரிய செல்வம், சூரியனைப் படமெடுத்துச் சேர்த்து வைத்துள்ள நூறாண்டுக்கு மேற்பட்ட பதிவு. சூரியப் புள்ளிகள் பெருகிக் குறைய ஏறத்தாழ 11 ஆண்டுகள் ஆகும். ஒரு மனிதரின் உத்தியோக காலத்தில் அதன் போக்கு முழுவதும் விளங்காது. தலைமுறை தலைமுறையாக எழுதிய கணக்கே அதை விளக்கும்.

அதனால் நமக்கென்ன பயன் என்பீர்கள். சூரியனில் எழும் புயல், செயற்கைக்கோள்களையும் மின்தொடர்களையும் பாதிக்க வல்லது. நம் கடற்கரைக்கு வரும் சூறாவளியை முன்னறிவிப்பதற்கு அச்செயற்கைக்கோள்களே துணை. 2023-இல் சூரியனை ஆராயச் சென்ற ஆதித்யா எல்-1 விண்கலத்தின் முதன்மைக் கருவியொன்றை, கோடைக்கானல் நிலையத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனமே அமைத்துத் தந்தது. பஞ்சகாலத்துக் கேள்வி விண்வெளிவரை சென்றிருக்கிறது.

சங்கப் பேரேட்டின் ஒரு பக்கத்தைப் பார்த்து இலாபநஷ்டம் சொல்ல முடியாது என்பது நாம் அறிந்ததே. விஞ்ஞானத்தின் கணக்கும் அத்தகையதே. ஆகவே, கல்விக்கென நாம் ஒதுக்கும் தொகையில் சிறு பகுதியைக் கொண்டு, கண்டரமாணிக்கத்து நெசவாளர், உழவர் வீட்டுப் பிள்ளைகளை ஆண்டுக்கொருமுறை கோடைக்கானல் நிலையத்திற்கு அழைத்துச் செல்லலாம் என்பது என் அபிப்பிராயம். இவ்வாண்டு வரவில் அச்செலவு பற்றாகத் தோன்றும். வரும் தலைமுறையின் வரவில் அது முதலாக நிற்கும். அங்கத்தினர்கள் பொதுக்கூட்டத்தில் இதை ஆலோசிப்பார்களாக.