ஸ்பாஞ்சுத் தோட்டா

விளையாட்டுத் துப்பாக்கியைக் கண்டால் சில பெரிய மனிதர்களுக்கு உடனே உலக சமாதானம் ஞாபகம் வந்துவிடுகிறது. "குழந்தை கையில் துப்பாக்கியா!" என்று பதறுகிறார்கள். அந்தக் கட்சியில் நான் சேரமாட்டேன். தீபாவளிக்குத் துப்பாக்கி கேட்டு அழாத பையன் தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்ததில்லை. சிவகாசிப் பொட்டு வெடியைத் தகரத் துப்பாக்கியில் வைத்துச் சுட்டுத் தள்ளியவர்கள்தாம் இன்று பாங்கிலும் பள்ளிக்கூடத்திலும் சாதுவாக உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறார்கள். என் ஆத்திரம் வேறு இடத்தில்.

காவேரிக் கரைப் பையன்களுக்கு மூங்கில் துப்பாக்கி என்று ஒன்று உண்டு. கொல்லை மூங்கில் கொத்திலிருந்து ஒரு சாண் குழல், அதற்குள் போய்வரச் சீவிய ஒரு குச்சி, அவ்வளவுதான். காகிதத்தை நனைத்து உருட்டி, ஒரு உருண்டையை முனை வரை தள்ள வேண்டும். இன்னொன்றைப் பின்னால் வைத்துக் குத்த வேண்டும். இரண்டுக்கும் நடுவே அகப்பட்ட காற்று நெருக்குண்டு, நெருக்குண்டு, முன் உருண்டையை 'டப்'பென்று வெளியே தள்ளும். பின் உருண்டை முனையில் வந்து நின்றுகொள்ளும். அதுவே அடுத்த தோட்டா! பஸ்தரில் ஜகதல்பூர் கோஞ்சா திருவிழாவில் இதே குழலுக்குத் 'துப்கி' என்று பெயர். ரதம் வரும்போது காட்டுக் காயை வைத்துச் சுடுகிறார்கள். ஜகந்நாத ஸ்வாமிக்கே ஆட்சேபணை இல்லை.

அமெரிக்க 'நெர்ஃப்' துப்பாக்கிக்குள்ளும் முதலில் இருந்தது இதே காற்றுத்தான். 1970-ல் நெர்ஃப் வெறும் ஸ்பாஞ்சுப் பந்து. வீட்டுக்குள் எறிந்தால் விளக்கு உடையாது என்பது அதன் பெருமை. 1992-ல் ஸ்பாஞ்சுத் தோட்டா வந்தது. ஸ்பிரிங்கை இழுத்து விட்டால் உள்ளே தண்டு காற்றைத் தள்ளும், காற்று தோட்டாவைத் தள்ளும். பிறகு சுழலும் அறை, பிறகு தோட்டாப் பெட்டி, பிறகு மோட்டார். இரண்டு சக்கரங்கள் சுழன்று தோட்டாவைப் பிடித்து எறிகின்றன; பையன் விரலை அசைத்தால் போதும். இதில் பணம் எவ்வளவு என்றால், நீர்த் துப்பாக்கி கண்டுபிடித்த லானி ஜான்ஸன் என்ற நாஸா என்ஜினீயருக்கு ராயல்டி பாக்கியாக ஹாஸ்ப்ரோ கம்பெனி சுமார் 7 கோடியே 29 லட்சம் டாலர் தரவேண்டும் என்று 2013-ல் மத்தியஸ்தத்தில் தீர்ப்பாயிற்று.

சம்பாதிக்கட்டும். ஆனால் 2024-ல் வந்த 'என் ஸீரிஸ்' துப்பாக்கி அதே கம்பெனியின் பழைய 'எலைட்' தோட்டாவை ஏற்காது. அதற்கென்றே செய்த தோட்டாதான் வேண்டும். அலமாரிக்கடியில் நாலு உருண்டு போனால் கடைக்கு ஓடு! கிழிந்த நோட்டுத்தாள் இருக்கும் வரை மூங்கில் குழலுக்குத் தோட்டா தீர்ந்ததுண்டா? வேடிக்கையைக் கேளுங்கள்: துப்பாக்கியைப் பிரித்து, ஸ்பிரிங்கை மாற்றி, தோட்டாவைப் பாதியாக வெட்டிப் பார்த்தவர்கள் விளையாடுகிறவர்களே. அரைத் தோட்டா நன்றாகப் போகிறது என்று அவர்கள் கண்டபின் கம்பெனியும் அரைத் தோட்டாத் துப்பாக்கி செய்து விற்கிறது. பிரித்தவனிடம் பாடம் கற்றுக்கொண்டு, அடுத்த பெட்டிக்கு வேறு பூட்டுப் போடுவது என்ன நியாயம்?

கண்ணுக்கு ஆபத்து என்பார்கள். வாஸ்தவம். லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் ஆஸ்பத்திரி டாக்டர்கள், இந்தத் தோட்டா பட்டுக் கண்ணுக்குள் ரத்தம் கசிந்த மூன்று பேரைப் பற்றி 2017-ல் எழுதினார்கள். அதற்குக் கண்ணாடி மாட்டிவிடுங்கள்; வேகத்துக்கு வரம்பு கட்டுங்கள். தோட்டாவின் அளவைக் கம்பெனியின் ஏகபோகமாக்கினால் எந்தக் கண் பிழைக்கும்?

நம் சர்க்கார் 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்குத் தர முத்திரையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. கூர்முனையைப் பார்க்கிறார்கள், சாயத்தைப் பார்க்கிறார்கள். ஸ்குரூவைக் கழற்றிப் பிரிக்க முடிகிறதா, பக்கத்து வீட்டுப் பையனின் தோட்டா இதில் நுழைகிறதா என்று இன்னும் இரண்டு வரி சேர்த்துவிட்டால் என்ன?