சுவரை உரிக்கும் ரசிகர்கள்

கீரனூரில் புது வீடு கட்டியிருக்கும் நண்பர் ஒருவர், கண்ணாடி அலமாரியிலிருந்து ஒரு பீங்கான் டைலை எடுத்து என் கையில் வைத்தார். தடவினால் விரலுக்கு மேடு பள்ளம் தெரிந்தது. புடைத்து நிற்கும் பூ, பச்சை இலை, கண்ணாடிபோல் மெருகு. "அசல் ஜப்பான் சரக்கு அண்ணே! காரைக்குடிக் கடையில் பிடித்தேன்" என்றார். திருப்பிப் பார்த்தேன். பின்புறம் சுண்ணாம்புக் காரை ஒட்டியிருந்தது. என் சண்டை அந்தக் காரையைப் பற்றித்தான்.

இங்கிலாந்தின் மஜோலிகா டைல்களைப் பார்த்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானியர் செய்த சரக்கு இது. அச்சில் அழுத்திக் கோடுகளைப் புடைக்க வைப்பார்கள். ஒரு வண்ணம் மற்றொன்றோடு கலக்காமல் அந்த வரப்பே தடுக்கும். நம்மவருக்கென்றே ரவிவர்மா படங்களை ஒட்டித் தெய்வ உருவங்களும் செய்து அனுப்பினார்கள். பர்மாவிலும் மலேயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார் இவற்றை வாங்கிச் செட்டிநாட்டு வீடுகளில் பதித்தார்கள். 1942இல் அதே ஜப்பானின் படை பர்மாவுக்குள் புகுந்தது. அங்கே தேடிய செல்வம் கைநழுவியது. ஜப்பான் டைல் மட்டும் இங்கே சுவரில் நின்றது. இந்தக் கதையைச் சுவர்தான் சொல்லும், அலமாரி சொல்லாது.

"இடிகிற வீட்டிலிருந்து காப்பாற்றுகிறோமே!" என்பார்கள் ரசிகர்கள். மெய்யாகவே இடிகிற வீடானால் கும்பிடுகிறேன். தைவானில், சியாயி நகரத்தில், இடிபடும் வீடுகளிலிருந்து மீட்ட டைல்களை வைத்து 2016இல் ஒரு காட்சிச்சாலையே திறந்தார்கள். ஆனால் நம் பக்கத்து நிலைமை என்ன? ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள். பழுது பார்க்க ஒருவர் கையிலும் பணமில்லை. கதவுக்கு ஒரு விலை, தூணுக்கு ஒரு விலை, டைலுக்கு ஒரு விலை என்று நாம் ஏற்றிக்கொண்டே போனால், நிற்கும் வீட்டைவிட இடிந்த வீடே லாபம் என்று ஆகிவிடாதா? கடப்பாரை அவர்கள் கையில். கூலி நம் கையில்!

கட்டடத்திலிருந்து பெயர்த்த பொருளுக்கு வயது நூறானால் அது தொல்பொருள் என்கிறது 1972ஆம் வருஷச் சட்டம். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது. 1920ஆம் வருஷம் வார்த்த டைல் நூறைத் தாண்டிவிட்டது. சட்டம் கண் விழிக்கும்போது வீடு மிஞ்ச வேண்டாமா?

வாங்குகிறவர் ஒரு கேள்வி கேட்டால் போதும்: எந்த ஊர், எந்த வீடு? பதில் வராவிட்டால் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். வீடு இன்னும் நிற்கிறது என்றால் தொடவே கூடாது.

நண்பரிடம் கேட்டேன். "அதெல்லாம் யார் கேட்டா அண்ணே?" என்று சிரித்தார்.

அதுதான் ஐயா, என் வழக்கு.