மானம் போனது யாரால்?

1894-ல் டிரைபஸ் என்ற ராணுவ அதிகாரியை உளவாளி என்று பொய்யாகத் தண்டித்தது பிரான்ஸ். உலகமே காறித் துப்பியது. 1900 பாரிஸ் கண்காட்சிக்குப் போகாதீர்கள் என்று வெளிநாடுகளில் குரல் எழுந்தது. 1906-ல் அவர் நிரபராதி என்று தீர்ப்பானது. 12 வருடம்.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட புதுச்சேரியில், தவளக்குப்பம் வரைக்கும் தெரிய வேண்டிய கதை இது. ஏனென்றால் சரியாக நூறு வருடம் கழித்து, 1994-ல், இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணனைக் கைது செய்தது கேரள போலீஸ். ராக்கெட் ரகசியத்தை விற்றாராம்! 1996-லேயே வழக்கு பொய் என்றது சி.பி.ஐ. 50 லட்சம் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2018-ல். முன்னாள் அதிகாரிகள் ஐந்து பேர் மீது குற்றப்பத்திரிகை வந்தது 2024-ல். 30 வருடம்!

அதே வழக்கில் சிறையில் கிடந்த மாலத்தீவுப் பெண்கள் இருவர், ஊர் திரும்பி இந்தியாவைப் பற்றி என்ன சொல்லியிருப்பார்கள்?

தப்பு எல்லா நாட்டிலும் நடக்கும். அதைத் திருத்த முப்பது வருடம் எடுத்துக்கொள்வதுதான் மானக்கேடு.