கட்டுமரமும் கைவினையே!

பாலித் தீவின் சுகாவதி அங்காடிக்குச் சென்று மீளும் நம்மவர் பலர், ஆங்கு வாங்கிய மரப்பாவைகளையும் முகமூடிகளையும் கூடத்தில் அடுக்கிவைத்து, வருவார்க்கெல்லாம் காட்டி மகிழ்கின்றனர். மகிழட்டும், பிறநாட்டார் கைத்திறனைப் போற்றுதல் பெருந்தன்மையே. ஆயின், அவருள் எத்துணைப் பேர் அடையாற்று முகத்தருகே உள்ள ஊரூர் ஒல்காட்டுக் குப்பத்திற்குச் சென்று, ஆங்குள்ள மீனவரின் தொழிலையும் ஒரு கைவினையாக எண்ணிப் பார்த்திருப்பர்?

சுகாவதி அங்காடியின் சிறப்பு, அதன் கடைகளில் மட்டும் இல்லை. அதைச் சூழ்ந்த சிற்றூர்களில் உள்ளது. செலுக்கு என்னும் ஊர் வெள்ளி வேலைக்கும், மாசு என்னும் ஊர் மரச்செதுக்கலுக்கும், பத்துபுலான் கற்சிற்பத்திற்கும் பெயர் பெற்றவை. ஆங்கும் கேடு நேராமலில்லை. அயலார் திரளாக வந்து விரைந்து வாங்கத் தொடங்கியதும், விரைந்து செய்யும் மலிவு வேலையும் பெருகியது. அதைத் தடுத்துத் தரம் காக்கவே 1936-இல் அந்நாட்டுக் கலைஞரும், அரச குடும்பத்தாரும், ஆங்கு வாழ்ந்த ஐரோப்பிய ஓவியரும் கூடிப் ‘பிட்டா மகா’ என்னும் கழகத்தை அமைத்தனர். வாங்குவோன் விரைவு, செய்வோன் திறத்தைத் தேய்க்கும் என்பதை அவர்கள் அன்றே உணர்ந்திருந்தனர்.

அதே 1936-இல்தான் உருக்குமணி அம்மையார் அடையாற்றில் கலாச்சேத்திராவைத் தொடங்கினார். பின்னர்த் திருவான்மியூரில் வளர்ந்த அக் கலைக்கூடம், ஆடலோடும் இசையோடும் நெசவையும் சாயத் தொழிலையும் பேணியது. நன்று! ஆனால் அதற்கு அண்மையிலேயே உள்ள குப்பத்தின் கைத்தொழிலைக் கலையென்று எண்ணுவார் அரியர்.

குப்பத்தைச் சூழ்ந்த பெயர்களைப் பாருங்கள்! 1882-இல் அடையாற்றுக்கு வந்த பிரமஞான சபையின் தலைவரான அமெரிக்கர் ஒல்காட்டு ஒருபுறம். பெசண்டு அம்மையார் பெயரில் நகர் ஒருபுறம். எலியட்டு என்னும் ஆங்கிலேயர் பெயரில் கடற்கரை ஒருபுறம். இவற்றிடையே ‘ஊரூர்’ என்னும் பெயர் ஒன்றே தமிழாய் நிற்கின்றது. ஆயினும் அயலார் நமக்குப் பெயரிட்டது போலவே, நம் கடலோர மக்கள் உலகுக்கே ஒரு பெயரை ஈந்துள்ளனர். ‘கட்டுமரம்’ என்னும் சொல்லே ஆங்கிலத்திற் புகுந்து ‘கேட்டமரான்’ ஆயிற்று. 1697-இல் வெளிவந்த தாம்பியர் என்னும் ஆங்கிலக் கடலோடியின் நூலிலேயே அச்சொல் உள்ளது. இன்று உலகெங்கும் இரட்டையுடற் படகுகளுக்கு அதுவே பெயர்.

சொல்லைப் போலவே பொருளும் வியத்தற்குரியது. எடை குறைந்த மரங்களைத் தேர்ந்து, செதுக்கி, ஆணியின்றிக் கயிற்றாலேயே பிணைத்தனர் நம் மீனவர். அலைநீர் மரங்களின் இடையே வடிந்துவிடுமாதலின், அஃது எளிதில் மூழ்காது; கரை சேர்ந்ததும் கட்டவிழ்த்து உலர்த்தலாம். இதனை ஆக்கும் திறம் ஏட்டில் இல்லை, கையில் இருந்தது. கச்சான், கொண்டல், வாடை எனக் காற்றைப் பகுத்தறியும் அறிவும் அதனோடு சேர்ந்தே வளர்ந்தது.

2004-இன் ஆழிப்பேரலைக்குப் பின், பொறி பூட்டிய கண்ணாடியிழைப் படகுகள் நம் கரைகளில் மிகுந்துவிட்டன. அதில் குறைகூற ஒன்றுமில்லை. உழைப்பைக் குறைத்து நெடுந்தொலைவு செல்ல உதவும் கருவியை மீனவர் ஏற்பது அவர் உரிமை. நாம் கண்டு களிப்பதற்காக அவர்கள் துடுப்பு வலித்துத் துன்புற வேண்டுமோ? வேண்டா. ஆனால் தொழில் மாறும்போது அதனோடு பிறந்த சொற்களும் மறையும். கட்டுமரத்தின் ஒவ்வோர் உறுப்பின் பெயரும், கட்டும் முடிச்சின் பெயரும் முதியோர் நாவோடு முடிந்துபோமாயின், எந்த அகரமுதலி அவற்றை மீட்டுத் தரும்?

சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தில், நெய்வாரும் பொன் வினைஞரும் மரத்தச்சரும் மீன் விற்கும் பரதவரும் ஒருங்கே வாழ்ந்தனர். அப் புகாரின் பெயரால் கைவினைப் பொருள் விற்கும் அரசு நிறுவனம் 1973 முதல் இயங்குகின்றது. பெயரைத் தாங்கினாற் போதாது. பரதவரையும் வினைஞரோடு சேர்த்தெண்ணிய அந் நகரின் பார்வையையும் தாங்குதல் வேண்டும்.

2015-இல் ஊரூர் ஒல்காட்டுக் குப்பத்தில் விழா எடுத்து, அவைகளுக்குள் அடைபட்டிருந்த இசையையும் ஆடலையும் மீனவர் நடுவே கொணர்ந்தனர். அது நல்ல தொடக்கம். இனி, குப்பத்தின் கலையை நகரத்தார் காணும் விழாவும் வேண்டும். கட்டுமரம் கட்டத் தெரிந்த முதியோரை ஆசிரியராக அமர்த்தி, உரிய ஊதியம் தந்து, அவர்தம் சொற்களையெல்லாம் தொகுத்தல் வேண்டும். அவர் செய்யும் வலைக்கும் சிறு கட்டுமரத்திற்கும் தமிழ்ப் பெயரிட்டு, செய்தவரே விலை குறிக்கும் அங்காடி அக் கரையிலேயே அமைதல் வேண்டும். அனைத்தினும் முதலாக, வலை உலர்த்தவும் படகு ஏற்றவும் உரிய மணல்வெளி அவர்கட்கே நிலைத்தல் வேண்டும். நிற்க இடமில்லாதவன் கையில் எந்தக் கைவினை நிற்கும்?

கடல் கடந்து கலை தேடுவோரே! முதலில் உங்கள் கடற்கரைக்கு வாருங்கள்.