டாலிகஞ்சில் காருக்குத் தேவை நாலு கால் கூரை

பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் நாகபுரியிலும் பிழைக்கச் சென்ற தமிழர்களுக்குப் பங்குனி, சித்திரை பிறந்தால் ஒரு கவலை. பிற்பகலில் வானம் கறுக்கும்; காற்று எழும்பும்; ஐஸ் கட்டிகள் சடசடவென்று விழும். ஷெட் இல்லாதவரின் கார் தெருவிலே நிற்கும். 2025 ஏப்ரல் 16 அன்று பாகிஸ்தான் தலைநகர் இஸ்லாமாபாத்தில் பெய்த ஆலங்கட்டி மழையில் ஏராளமான கார்களின் கண்ணாடிகள் நொறுங்கின. 1984 ஜூலை 12 அன்று ஜெர்மனியின் மூனிக் நகரில் ஒரே மாலையில் சுமார் 2 லட்சம் கார்கள் அடிபட்டன.

அந்தமானில் டாலிகஞ்சில் குடியிருக்கும் தமிழர் இதைப் படித்துவிட்டு, "நமக்கு அந்தத் தொல்லை இல்லை" என்று நிம்மதி கொள்ளலாம். அது பாதி உண்மை. வெப்ப மண்டலக் கடலோரத்தில் நீர் உறையும் மட்டம் சுமார் 5 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே உருவாகும் கட்டி பெரும்பாலும் தரைக்கு வருமுன் உருகிவிடும். ஆகவே ஆலங்கட்டி அங்கே அபூர்வம்.

ஆனால், ஷெட் இல்லாத காருக்கு டாலிகஞ்சில் வேறு இரண்டு எதிரிகள் உண்டு. ஒன்று, தென்னை மரம். ஒன்றரைக் கிலோ எடையுள்ள ஒரு காய் அத்தனை உயரத்திலிருந்து விழுந்தால், எந்த ஐஸ் கட்டியும் செய்யாத சேதத்தைச் செய்துவிடும். மற்றொன்று, சத்தமே இல்லாத உப்புக்காற்று. தேங்காய் என்றைக்கோ விழும். உப்பு தினமும் தின்னும்.

போர்வை உதவுமா?

ஆலங்கட்டிக்கு வெளியூர்களில் சொல்லும் வைத்தியம் எளியது. வானிலை இலாகா மூன்று மணி நேரத்துக்குள் வரக்கூடிய இடிமழை பற்றி எச்சரிக்கை தருகிறது. அதைக் கேட்டதும் காரைக் கூரையுள்ள இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வழியில்லையென்றால் கண்ணாடிகள் மீதும் கூரை மீதும் கம்பளியோ கனத்த ஜமுக்காளமோ இரண்டு மூன்று மடிப்பாகப் போட்டு, மேலே தார்ப்பாய் விரித்து இறுகக் கட்ட வேண்டும். மரத்தடியில் நிறுத்தக்கூடாது. கட்டி விழத் தொடங்கிய பிறகு காரைக் காப்பாற்ற வெளியே ஓடவும் கூடாது. தலையைவிடத் தகரம் பெரிதல்ல.

இந்த வைத்தியத்தை டாலிகஞ்சுக்கு அப்படியே கொண்டுவந்தால் வினையாகும். ஆலங்கட்டிக்குப் போட்ட போர்வையை ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடலாம். டாலிகஞ்சிலோ மே மாதம் தொடங்கும் மழை டிசம்பர் வரை விட்டு விட்டுப் பெய்கிறது. போர்ட் பிளேர் பகுதியில் ஆண்டு மழை சுமார் 3,000 மில்லிமீட்டர். அந்த நகருக்கு 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியது, மழை மாறவில்லை. ஈரமான, உப்புப் படிந்த காரின் மீது பிளாஸ்டிக் உறையை மாதக்கணக்கில் மூடி வைத்தால் உள்ளே புழுக்கம் ஏறும். ஈரமும் உப்பும் சேர்ந்தால் துருவுக்கு அதைவிட நல்ல விருந்து வேண்டியதில்லை. காற்றில் ஆடும் உறை பெயிண்டையும் தேய்த்துவிடும். ஆசையோடு மூடி வைத்தவரின் காரே முதலில் கெடும்.

பாம்பன் கற்பித்த பாடம்

உப்புக்காற்றின் வல்லமை ராமேஸ்வரம் போய்வந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்தைத் துருவிலிருந்து காக்க ரயில்வே ஓயாமல் பெயிண்ட் அடித்தும் இரும்பு மாற்றியும் வந்தது. அப்படியும் 2022 டிசம்பரில் அதன்மீது ரயில் போக்குவரத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் கடற்காற்றைத் தாங்கும் தனிப் பூச்சும் பயன்படுத்தப்பட்டன. அரசாங்கத்தின் பாலத்துக்கே இத்தனை பாடு என்றால், குமாஸ்தாவின் பழைய கார் எம்மாத்திரம்?

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்பார்கள். சட்டப்படி கட்டாயமான 'தேர்டு பார்ட்டி' பாலிசி, சொந்தக் காரின் சேதத்துக்கு ஒரு காசும் தராது. முழு பாலிசி எடுத்தவருக்கு ஆலங்கட்டி, புயல், வெள்ளம் ஆகியவற்றால் வரும் சேதத்துக்குப் பணம் உண்டு. தேங்காய் விழுந்த சேதத்தையும் விபத்து என்று கேட்கலாம். ஆனால், 5 ஆண்டுக்கு மேற்பட்ட காரின் இரும்புப் பாகங்களுக்கு வழக்கமான பாலிசியில் 40 சதவீதமும், 10 ஆண்டுக்கு மேற்பட்டதற்கு 50 சதவீதமும் தேய்மானம் என்று கழித்துவிடுவார்கள். துருவுக்கோ எதுவுமே இல்லை; அது தேய்மானக் கணக்கில் போய்விடும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வழக்கமான பாலிசி சாலை, ரயில், உள்நாட்டு நீர்வழி, விமானம் ஆகியவற்றில் வண்டி செல்லும்போது நேரும் சேதத்தைச் சொல்கிறது. கடல் அந்தப் பட்டியலில் இல்லை. சென்னையிலிருந்து கப்பலில் கார் ஏற்றுகிறவர் அந்தப் பயணத்துக்குத் தனியாக இன்ஷூரன்ஸ் எடுப்பதே புத்திசாலித்தனம்.

கூரையும் தண்ணீரும்

டாலிகஞ்சின் காருக்குச் சரியான காவல், மேலே கூரையும் நான்கு பக்கமும் திறப்பும் உள்ள கொட்டகைதான். தென்னைக்கு நேர் கீழே இல்லாமல் அதைப் போட வேண்டும். மழை மேலே விழாது. காற்று புகுந்து ஈரத்தை உலர்த்தும். மட்டை விழுந்தாலும் உடைவது ஒரு ஷீட்டோடு போகும்.

கூரை உப்பைத் தடுக்காது. அதை நல்ல தண்ணீர்தான் கழுவ வேண்டும். வாரம் ஒருமுறையாவது சக்கரங்களின் உட்புறத்திலும் அடிப்பக்கத்திலும் தண்ணீர் அடிக்க வேண்டும். கதவின் கீழ் விளிம்பில் உள்ள வடிகால் துளைகளைக் குச்சியால் திறந்து வைக்க வேண்டும். துரு அங்கேதான் கூடு கட்டும்.

தண்ணீருக்கு எங்கே போவது? தனிக்காரி அணையை நம்பியிருக்கும் ஊரில், கோடையில் குடிப்பதற்கே கணக்குப் பார்த்துத் தண்ணீர் விடுகிறார்கள். குழாய் நீரில் கார் கழுவுவது நியாயமல்ல. அதற்கும் கூரையே விடை. 15 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 150 லிட்டர் தண்ணீர் கிடைக்கும். ஓரத்தில் தகரக் காலும், கொசு புகாத மூடியிட்ட ஒரு டிரம்மும் இருந்தால் மழைக்காலம் முழுதும் கவலையில்லை. கோடைக்கும் கொஞ்சம் மிஞ்சும்.

அனுமதி தேவை

இங்கேதான் சிக்கல். குவார்ட்டர்ஸில் இருப்பவர் அனுமதியின்றிக் கொட்டகை போட முடியாது. வாடகை வீட்டிலோ, போட்டுவிட்டால் இடம் பறிபோகும் என்று சொந்தக்காரர் பயப்படுகிறார். இந்தக் குடியிருப்புகள் கட்டப்பட்ட நாளில் குமாஸ்தாவுக்குக் கார் வரும் என்று யாரும் எண்ணவில்லை. இன்று வந்துவிட்டது. யானையை வாங்கியவன் அங்குசத்துக்கு அழுத கதையாக, லட்சங்களைக் கொட்டி வாங்கிய வண்டி சில ஆயிரம் ரூபாய்க் கூரையில்லாமல் அழிகிறது.

கார் வைத்திருப்பவருக்கு அரசு ஏன் உதவ வேண்டும் என்ற கேள்வி எழலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அரசுப் பணம் தேவையில்லை. அனுமதி ஒன்றே போதும். இன்ன நீளம், இன்ன உயரம், சுவர் கூடாது, காலி செய்யும்போது கழற்றிவிட வேண்டும், புயல் காற்றில் பறக்காதபடி கால்களை உறுதியாக ஊன்ற வேண்டும் என்று ஒரு பக்கத்தில் விதி எழுதிவிடலாம். வீட்டுக்காரருக்கும் அதே நிபந்தனைகளைப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்தால் அவர் பயமும் தீரும். ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து ஒரே நீளக் கொட்டகை போட்டால் செலவு பங்காகும். ஸ்கூட்டருக்கும் அதில் இடம் கிடைக்கும்.

டாக்சி ஓட்டுகிறவருக்குக் கார் ஆடம்பரமல்ல, அடுப்பு எரியும் வழி. பாதி ராத்திரியில் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போக வேண்டிய குடும்பத்துக்கு அது ஆபத்பாந்தவன். கடலைத் தாண்டிப் பிழைக்கப் போனவர் வயிற்றைக் கட்டி வாங்கிய பொருள், கடன் தவணை முடியுமுன் உளுத்துப் போகக்கூடாது. டாலிகஞ்ச் தமிழர்கள் அண்டை வீட்டு வங்காளிகளையும் தெலுங்கர்களையும் மலையாளிகளையும் சேர்த்துக்கொண்டு, ஒரே மனுவில் கையெழுத்திட்டு நிர்வாகத்திடம் கொடுக்கட்டும். அடுத்த மே மாத மழைக்கு முன் அந்த அனுமதி வர வேண்டும்.