கொலு பொம்மையும் கை அரிப்பும்

நவராத்திரிக்கு முந்திய வாரங்களில் திருவல்லிக்கேணிச் சந்துகளில் டர்ப்பெண்டைன் நெடி வீசத் தொடங்கும். பரணிலிருந்து இறங்கிய மூக்குடைந்த செட்டியாருக்கும் அவர் சம்சாரத்துக்கும் புது வர்ணம் பூசும் திருப்பணிதான். விஜயதசமிக்குள் அவ்வீட்டுக் குழந்தைகளின் விரலிடுக்குகள் சிவந்து அரிக்கும். பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொறிந்துகொண்டிருக்கும் மாணவர்களை வருஷந்தோறும் வகுப்பில் காண்கிறேன். "வர்ணம் ஒத்துக்கொள்ளவில்லை, ஸார்" என்பார்கள்.

வர்ணத்தின்மீது பழிபோடுமுன், கையை எதனால் துடைத்தார்கள் என்று கேட்கவேண்டும். பெரும்பாலும் டர்ப்பெண்டைனில் நனைத்த கந்தலால்தான்! அது எனாமலைக் கரைப்பதுபோலவே சருமத்தின் இயற்கையான எண்ணெய்ப் பசையையும் கரைத்துவிடுகிறது. பசையிழந்த தோல் வறண்டு வெடிக்கிறது. இமயச் சாரலின் சீர் மரப் பிசினிலிருந்து வடிக்கும் நம் நாட்டு டர்ப்பெண்டைனில் கேரீன் என்ற பொருள் மிகுதி. காற்றுப்பட்டு அது மாறும்போது பிறக்கும் பொருள்களே ஒவ்வாமைக்கு வித்து. சுதேசிச் சரக்கானாலும் உண்மையைச் சொல்லத்தானே வேண்டும்? சென்ற வருஷத்துப் பாதிப் புட்டியைச் சிக்கனம் கருதி வைத்திருப்பது வேண்டாத சிக்கனம்.

'பழைய காலத்து வர்ணங்களில் இந்தத் தொல்லை உண்டா?' என்பார் சிலர். அரிதாரம் ஆர்ஸெனிக் கலந்தது. சாதிலிங்கம் பாதரஸம் கலந்தது. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பே வாயைப் பொத்துவிடுகிறது. தோலுக்குப் பழமையில் பக்தி கிடையாது.

ஈயத்தின் கதை வேறு. அது அரிப்பைத் தராது. நகக்கண்ணிலிருந்து வாய்க்குப் போவதே அதன் வழி. 2017 நவம்பர் முதல் நம் நாட்டில் வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்பது சட்டம். அதற்கு முன் பூசிய பொம்மையை உப்புக் காகிதத்தால் உலரத் தேய்த்துத் தூசி கிளப்பும் வேலையைக் குழந்தைகளிடம் விடவேண்டாம்.

கைக்கு மருந்து சமையலறையிலேயே இருக்கிறது. வர்ணம் பட்ட இடத்தில் தேங்காயெண்ணெயைத் தாராளமாகத் தேய்த்துத் துணியால் வழித்தெடுத்தபின், காரமில்லாத ஸோப்பும் தண்ணீரும் போதும். ஈரத்தை ஒற்றி, மறுபடி சிறிது எண்ணெய் தடவலாம். மெல்லிய ரப்பர் உறையை நம்பாதீர்கள். டர்ப்பெண்டைன் அதை ஊடுருவிவிடும். நைட்ரைல் உறை மேல். குழந்தைகளுக்குத் தண்ணீரில் கரையும் வர்ணமே நலம். அதிலும் கெடாதிருக்கச் சேர்க்கும் மருந்துகள் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை.

வேலையை நிறுத்தி இரண்டு வாரமாகியும் அரிப்பு நீடித்தால், சரும வைத்தியரிடம் செல்க. ஐயப்படும் பொருள்களை முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. போகும்போது வர்ண டப்பாவை அதன் சீட்டுடன் கையோடு கொண்டுபோங்கள். வெறுங்கையைக் காட்டி 'ஏதோ பச்சை வர்ணம்' என்றால் அவர்தாம் என்ன செய்வார்?